காட்டுக் குங்குமப் பூவின் உறுப்புகள்

குங்குமப்பூ என்று நாம் கடையில் வாங்குவது முழுப் பூ அன்று. ஒரு பூவின் நடுவே நிற்கும் மூன்று சிவந்த இழைகளே அப்பெயரால் விற்கப்படுகின்றன. பாலிலும் பாயசத்திலும் அதனைச் சேர்த்து உண்ணும் நம்மிற் பலர், அவ்விழைகள் பூவின் எந்த உறுப்பு, எங்கிருந்து தொடங்குகின்றன, எதற்காக அமைந்தன என்பவற்றை எண்ணிப் பார்த்ததில்லை. இவ்வறியாமையால் நட்டம் அடைவோரும் உளர். போலி இழைகளை வாங்கிப் பொருள் இழப்போர் ஒரு சாரார். குங்குமப்பூ விதை என்று ஏதோ ஒன்றை வாங்கி விதைத்து ஏமாறுவோர் மற்றொரு சாரார். பூவின் அமைப்பைத் தெளிவாகக் கற்றவரை இவ்விரு வகையிலும் எளிதில் ஏமாற்ற இயலாது. ஆதலின் இப்பாடத்தை நம் அங்கத்தினர்கள் பொறுமையுடன் படித்து, கையிற் கிடைக்கும் பூக்களுடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

தோட்டத்துக் குங்குமச் செடியைக் காட்டிலும் அதன் காட்டு முன்னோரையே இங்கு நாம் முதன்மையாக எடுத்துக்கொள்வோம். முன்னோரின் உடலமைப்பு விளங்கினால், பயிர்ச்செடியின் நிறைவும் குறைவும் தாமே விளங்கும்.

செடியும் அதன் நாடும்

இக்காட்டுச் செடியைத் தாவர நூலார் குரோக்கஸ் கார்ட்ரைட்டியானஸ் என அழைப்பர். கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரைச் சூழ்ந்த ஆட்டிக்காப் பகுதியிலும், சைக்கிளடீஸ் தீவுகளிலும், கிரீட் தீவிலும் இது தானாக வளர்கிறது. பாறையும் புதரும் நிறைந்த வறண்ட சரிவுகளே இதன் இருப்பிடம். கோடை முழுவதும் நிலத்தடியில் உறங்கிக் கிடந்து, இலையுதிர்கால மழை தொடங்கியபின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பூக்கும்.

இது ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரிஸ் என்பது கிரேக்கரின் வானவில் தேவதையின் பெயர். பூக்களின் பலவகை வண்ணம் கருதி அப்பெயர் வைத்தனர். இக்குடும்பத்தில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பூக்கடைகளில் நீண்ட கதிராக விற்கப்படும் கிளாடியோலஸ் மலரும் இக்குடும்பத்ததே.

மனிதர் இப்பூவின் இழைகளை நாடியது மிகப் பழங்காலத்திலேயே ஆகும். சைக்கிளடீஸ் தீவுகளுள் ஒன்றான சாந்தோரினியில், எரிமலைச் சாம்பலால் மூடுண்ட அக்ரோதிரி என்னும் ஊரை ஸ்பிரிடன் மரினாத்தோஸ் என்ற ஆய்வாளர் 1967-இல் அகழத் தொடங்கினார். அங்கு வெளிப்பட்ட கட்டடம் ஒன்றின் சுவர்களில், பெண்கள் பாறைச் சரிவில் குங்குமப் பூக்களைப் பறித்துக் கூடையில் இடும் காட்சி தீட்டப்பட்டிருந்தது. அவ்வோவியங்களின் வயது ஏறத்தாழ 3,600 ஆண்டுகள்.

நிலத்தின் கீழ்

பூவுக்குச் செல்லுமுன் கிழங்கைக் காண்போம். இதனைப் பொதுவழக்கில் வெங்காயம் போன்ற செடி என்பர். ஆயினும் இதன் கிழங்கு வெங்காயம் அன்று. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்றை ஒன்று சூழ்ந்த வளையங்கள் தெரியும். அவை சதைப்பற்றான இலைத் தாள்கள். அவ்வகையைக் குமிழம் என்கிறோம். சேப்பங்கிழங்கையோ சேனைக்கிழங்கையோ வெட்டினால் வளையம் தெரியாது. முழுதும் ஒரே திண்மையான சதையாக இருக்கும். இது பருத்துக் குறுகிய தண்டு. இதற்குக் கந்தம் என்று பெயர். காட்டுக் குங்குமச் செடியின் கிழங்கும் கந்தமே. அதன்மேல் நார் நாரான உறை போர்த்தியிருக்கும். சணல் நாரால் பின்னிய சிறு பை போல அது தோன்றும்.

ஒவ்வோர் ஆண்டும் பழைய கந்தத்தின் சத்து முழுவதும் பூவுக்கும் இலைக்கும் செலவாகி அது வற்றிவிடும். அதன் தலைமேல் புதிய கந்தங்கள் உருவாகி அடுத்த ஆண்டுக்கான சேமிப்பை ஏற்கும். முதலைச் செலவிட்டு, அவ்வாண்டே மீண்டும் முதலைச் சேர்க்கும் இவ்வொழுங்கு நம் சிக்கனச் சங்கங்களுக்கும் அயலானதன்று.

இலைகள் புல்லைப் போல் குறுகியவை. ஒவ்வோர் இலையின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு வெண்கோடு ஓடும். அக்கோடே குரோக்கஸ் இனங்களை இலைப்பருவத்தில் கண்டுகொள்ள உதவும் நல்ல அடையாளம்.

இதழ்கள்

மலர்ந்த பூவை மேலிருந்து நோக்கினால் ஆறு இதழ்கள் காணப்படும். செம்பருத்தியிலும் பூசணியிலும் பசுமையான புல்லி வட்டம் வேறு, நிறமுள்ள அல்லி வட்டம் வேறு. இங்கு அவ்வேறுபாடு இல்லை. ஆறும் ஒரே நிறமும் ஒரே தன்மையும் உடையன. ஆதலால் இவற்றைப் பூவிதழ்கள் என்று பொதுப்பெயரால் குறிப்போம். உற்று நோக்கினால் மூன்று வெளியேயும் மூன்று உள்ளேயும் இரண்டு சுற்றாக நிற்பது தெரியும். ஒரு சுற்றின் இதழ் மறு சுற்றின் இரண்டு இதழ்களுக்கு இடைவெளியில் அமைந்திருக்கும்.

நிறம் இளஊதா, சிற்சில செடிகளில் வெள்ளை. இதழின் மேல் அடர் ஊதா நரம்புகள் நூலோட்டம் போல் ஓடும். காட்டுப் பூவின் இதழ் ஒன்றரை முதல் மூன்று செ.மீ. அளவு நீளமுடையது. தோட்டக் குங்குமத்தின் இதழோ மூன்றரை முதல் ஐந்து செ.மீ. வரை நீளும்.

இதழ்கள் ஆறும் அடியில் ஒன்றாக இணைந்து நீண்ட மெல்லிய குழாய் ஆகின்றன. மண்ணுக்கு மேல் பூவைத் தாங்கி நிற்பது காம்பு என்றே பார்ப்பவர் நினைப்பர். அது காம்பன்று, இவ்விதழ்க் குழாயே ஆகும். உண்மைக் காம்பு மிகக் குட்டையாய் மண்ணுள் மறைந்துள்ளது. குழாயின் அடிப்பகுதியை வெண்மையான மெல்லிய பூவடிச் செதில்கள் உறை போல் சுற்றியிருக்கும். மொட்டு மண்ணைத் துளைத்து மேலே வருங்கால் அதனைக் காப்பது இவற்றின் தொழில்.

மகரந்தத் தாள்கள்

இதழ்களுக்கு உள்ளே மகரந்தத் தாள்கள் மூன்று. இவ்வெண்ணிக்கையை அங்கத்தினர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். ஒவ்வொரு தாளும் கீழே ஒரு சிறு கம்பியும், மேலே நீண்ட மஞ்சள் நிற மகரந்தப் பையும் உடையது. பைகள் பூவின் வெளிப்புறம் நோக்கி வெடித்து மகரந்தத்தைச் சிந்தும். தேனீ பூவினுள் இறங்கும்போது அதன் உடலில் அத்தூள் ஒட்டிக்கொள்ளும்.

இதழ்கள் இரண்டு சுற்றாக ஆறு இருக்க, மகரந்தத் தாள்கள் மட்டும் மூன்றாக இருப்பது ஏன் என்ற ஐயம் எழலாம். இதனோடு உறவுடைய பல குடும்பங்களில் தாள்களும் இரண்டு சுற்றாக ஆறு உண்டு. ஐரிஸ் குடும்பத்தில் உட்சுற்று மறைந்து, வெளிச்சுற்று மட்டும் எஞ்சியது. எனவேதான் எஞ்சிய மூன்று தாள்களும் வெளியிதழ் மூன்றுக்கும் நேர் எதிரே நிற்கின்றன.

சூலகம்: மண்ணுள் சூற்பை, வெளியே இழை

இப்பூவின் மிக வியப்பான உறுப்பு சூலகம். சூலகத்துக்கு மூன்று பகுதிகள் உண்டு: சூல்கள் அடங்கிய சூற்பை, அதன்மேல் எழும் சூல்தண்டு, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி.

காட்டுக் குங்குமப் பூவில் சூற்பையைக் காண வேண்டுமாயின் மண்ணைத் தோண்ட வேண்டும். அது இதழ்க் குழாயின் அடிக்கும் கீழே, கந்தத்தின் அருகில், நிலத்தடியில் உள்ளது. இதழ்களுக்குக் கீழே அமைந்த சூற்பையைக் கீழ்ச்சூற்பை என்பர். ஐரிஸ் குடும்பத்தின் பொது இலக்கணம் இதுவே. சூற்பையைக் குறுக்கே வெட்டினால் மூன்று அறைகளும், அறைகள் கூடும் நடு அச்சில் வரிசையாய் ஒட்டிய சூல்களும் தெரியும்.

மண்ணுள் இருக்கும் அச்சூற்பையிலிருந்து சூல்தண்டு மெல்லிய நூலாகப் புறப்பட்டு, இதழ்க் குழாய் முழுவதையும் கடந்து, பூவின் வாயில் வெளிப்படுகிறது. குழாயினுள் அது வெளிறிய மஞ்சள் நிறம். மேலே வந்ததும் மூன்று கிளைகளாகப் பிரிந்து செந்நிறம் பெறுகிறது. ஒவ்வொரு கிளையும் நுனியில் சற்று அகன்று ஊதுகுழலின் வாய்போல் விரிந்திருக்கும். இம்மூன்று செங்கிளைகளே நாம் வாங்கும் குங்குமப்பூ. காட்டுப் பூவில் அவை ஒன்று முதல் இரண்டே முக்கால் செ.மீ. வரை நீளும். தோட்டப் பூவில் இரண்டரை செ.மீ.க்குக் குறையா.

தேனீ கொணர்ந்த மகரந்தத் துகள் இக்கிளையின் நுனியில் படிந்ததும் அதிலிருந்து நுண்ணிய குழல் ஒன்று முளைத்து, சூல்தண்டின் உள்ளே கீழிறங்கி, மண்ணுள் இருக்கும் சூலை அடைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகளுக்குப் பல செ.மீ. பயணம் என்பது சிறிதன்று. அப்பயணம் நிறைவுற்றால் விதை உண்டாகும். பின்னர் அதுகாறும் குட்டையாய் இருந்த காம்பு நீண்டு, காயை மண்ணுக்கு வெளியே கொணரும். காய் முதிர்ந்து மூன்றாக வெடித்து விதைகளைச் சிந்தும். கருவை மண்ணுள் வைத்துக் குளிரிலிருந்தும் மேயும் கால்நடைகளிலிருந்தும் காத்து, பரப்பும் காலத்தில் மட்டும் வெளிக்காட்டுவது இச்செடிக்கு நலம் தருவதாகக் கருதுவர்.

இங்கு ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். வடமொழி வழியாகக் குங்குமப்பூவுக்குக் கேசரம் என்ற பெயரும் உண்டு. நம் பழைய தாவரப் பாட நூல்களில் கேசரம் என்பது மகரந்தத் தாளைக் குறிக்கும். அதனால் குங்கும இழை மகரந்தத் தாளே என்று சிலர் மயங்குவர். அவ்விழை சூல்தண்டின் கிளை. ஆணுறுப்பு அன்று, பெண்ணுறுப்பு. அதே பூவில் உள்ள உண்மையான மகரந்தத் தாள்கள் மஞ்சளானவை. அவற்றுக்கு அந்நிறச் செறிவும் மணமும் இல்லை.

கையில் வைத்துக் கற்க

கிரேக்கப் பாறைச் சரிவுக்கு நாம் செல்ல இயலாது. ஆயினும் பாடத்தைக் கண்ணாற் காண ஒரு வழி உண்டு. பூக்கடையில் கிளாடியோலஸ் கதிர் ஒன்று வாங்குக. அதில் ஒரு பூவைப் பச்சைச் செதில்களோடு மெல்லப் பிரித்தெடுத்து, கூரிய பிளேடினால் நீளவாக்கில் பிளந்து பார்க்க. ஆறு பூவிதழ்கள் அடியில் குழாயாக இணைந்திருத்தல், மகரந்தத் தாள் மூன்றே இருத்தல், சூல்தண்டு நுனியில் மூன்றாகப் பிரிதல், இதழ்களுக்குக் கீழே செதில்களின் மறைவில் சூற்பை இருத்தல் ஆகிய நான்கும் அதில் தெளிவாகத் தெரியும்.

வேறுபாடுகளையும் குறித்துக்கொள்க. கிளாடியோலஸ் பூவில் தாள்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்திருக்கும். குங்குமப் பூவில் நடுவைச் சுற்றிச் சமமாக நிற்கும். கிளாடியோலஸுக்கு நீண்ட பூந்தண்டு உண்டு. காட்டுக் குங்குமத்துக்கு மண்ணுக்கு மேல் தண்டே இல்லை.

எண்ணினால் விலகும் அபாயம்

மகரந்தத் தாள் மூன்று என்பதை மனத்தில் இருத்துமாறு கூறினோம். அதன் காரணம் இதுவே. ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் கிரேக்கச் சரிவுகளிலும் அதே இலையுதிர்காலத்தில் கால்ச்சிகம் என்னும் மற்றொரு செடி வகை பூக்கிறது. அதுவும் கிழங்குச் செடியே. அதன் பூவும் இளஊதா. அதற்கும் இதழ் ஆறு. அதுவும் தண்டின்றி மண்ணிலிருந்து நேரே எழும். ஆங்கிலேயர் அதனை இலையுதிர்காலக் குரோக்கஸ் என்றே வழங்குவர். ஆனால் அதன் எல்லா உறுப்புகளிலும் கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. குங்குமம் என்று எண்ணி அதனைச் சமையலில் சேர்த்தால் உயிருக்கே இறுதி.

தோற்றத்தால் ஏமாற்றும் அவ்விரண்டையும் எண்ணிக்கை பிரித்துவிடும். கால்ச்சிகத்தில் மகரந்தத் தாள் ஆறு, குங்குமத்தில் மூன்று. கால்ச்சிகத்தில் சூல்தண்டுகள் அடிமுதலே தனித்தனியாக மூன்று. குங்குமத்தில் ஒரே தண்டு மேலே மூன்றாகப் பிரியும். கால்ச்சிகத்தின் சூற்பையும் மண்ணுள்ளேதான் இருக்கிறது; எனினும் அது இதழ்க் குழாயின் உள்ளே அமைந்த மேற்சூற்பை.

கால்ச்சிகத்தின் உறவினர் ஒருவர் நம் வேலியிலேயே உளர் என்றால் வியப்பாக இருக்கும். கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றெல்லாம் நாம் கூறும் செங்காந்தளே அது. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் முதலிய இடங்களில் விதைக்காக அதனைப் பயிரிடும் விவசாயிகள், அதன் கிழங்கும் விதையும் நஞ்சு என்பதை நன்கறிவர். அந்நஞ்சும் கால்ச்சிசினே. உரிய அளவில் மருத்துவர் அதனைக் கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்தாகப் பயன்படுத்துகின்றனர். செங்காந்தட் பூவைப் பார்த்தால் பின்னோக்கி மடிந்த ஆறு இதழ்களும், வட்டமாக விரிந்த ஆறு மகரந்தத் தாள்களும், இதழ்களுக்கு மேலே வெளிப்படையாக நிற்கும் பச்சைச் சூற்பையும் தெரியும்.

மூன்றாவதாகச் சம்பங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குழாயைப் பிளந்தால் மகரந்தத் தாள் ஆறு உள்ளே இருக்கும். சூற்பையோ இதழ்களுக்குக் கீழே. ஆகவே சூற்பையின் இடத்தால் அது குங்குமத்தை ஒத்தும், தாள்களின் எண்ணிக்கையால் வேறுபட்டும் உள்ளது. இம்மூன்றையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொன்னால்:

செங்காந்தள்: தாள் ஆறு, சூற்பை மேலே.
சம்பங்கி: தாள் ஆறு, சூற்பை கீழே.
காட்டுக் குங்குமம், கிளாடியோலஸ்: தாள் மூன்று, சூற்பை கீழே.

நிறத்தையும் வடிவையும் நம்பாமல், உறுப்பின் எண்ணிக்கையையும் இடத்தையும் நோக்குவதே தாவரங்களை அறியும் உறுதியான முறை.

காட்டுச் செடிக்கு விதை உண்டு, பயிர்ச்செடிக்கு இல்லை

தோட்டங்களில் பயிராகும் குங்குமச் செடிக்குக் குரோக்கஸ் சடைவஸ் என்பது நூற்பெயர். மேலே கூறிய உறுப்புகள் யாவும் அதற்கும் உண்டு. சற்றுப் பெரியனவாகவும் உள்ளன. ஆனால் அதன் சூற்பையில் விதை பிடிப்பதில்லை. காஷ்மீரத்துப் பாம்பூரில் பூப்பினும், ஈரானில் பூப்பினும், ஸ்பெயினில் பூப்பினும் நிலை இதுவே.

இதன் காரணம் உயிரணுவில் உள்ள குரோமோசோம் என்னும் மரபுத் திரிகளின் எண்ணிக்கை. காட்டுச் செடிக்கு எட்டுத் திரிகள் கொண்ட தொகுதி இரண்டு, ஆக 16. மகரந்தமும் சூலும் உருவாகும்போது இவ்விரு தொகுதிகளும் இணை இணையாக நின்று, பின்னர் சரிபாதியாகப் பிரியும். பயிர்ச்செடிக்கோ தொகுதி மூன்று, ஆக 24. இரண்டு இணையும்போது மூன்றாவது தனித்து நிற்கும். சரிபாதியாகப் பங்கிட வழியில்லை. பங்கு கோணலான மகரந்தமும் சூலும் கருத்தரிக்க உதவா.

இது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகிய வாழைகளும் இவ்வாறே மூன்று தொகுதி உடையவை. எனவேதான் வாழைப்பழத்தை விதை துப்பாமல் உண்கிறோம். வாழையைப் பக்கக் கன்றினால் பெருக்குகிறோம். குங்குமச் செடியையும் அதன் சிறு கந்தங்களைப் பிரித்து நட்டே பெருக்க இயலும்.

அம்மூன்றாவது தொகுதி எங்கிருந்து வந்தது என்பது நெடுங்காலம் ஆராயப்பட்ட வினா. வேறு ஏதேனும் இனத்தோடு கலந்து பிறந்ததோ என்றும் ஐயுற்றனர். 2019-இல் வெளிவந்த இரண்டு மரபணு ஆய்வுகள் இதற்கு விடை கண்டன. மூன்று தொகுதிகளும் நாம் இதுவரை கற்ற காட்டுச் செடியிடமிருந்தே வந்தவை; அதிலும் ஏதென்ஸ் அருகிலுள்ள ஆட்டிக்காச் செடிகளே மிக நெருங்கிய உறவின. மனிதன் அதன் நீண்ட இழைகளைக் கண்டு விரும்பி, கந்தத்தைப் பிரித்துப் பிரித்து நாடெங்கும் கொண்டு சென்றான். விதையற்ற செடி மனிதன் கையின்றி நெடுநாள் பரவி வாழ இயலாது.

விதை வாங்குமுன் கணக்கு

இவ்விடத்தில் பாடம் நம் பணப்பையைத் தொடுகிறது. குங்குமப்பூ விதை என்று பொட்டலம் கட்டி விற்போர் உளர். உண்மைக் குங்குமச் செடிக்கு விதையே இல்லை என்பதை அறிந்தோம். ஆதலால் விதை என்று விற்கப்படுவது எதுவாயினும் அது குங்குமப்பூ ஆகாது. பெரும்பாலும் அது குசும்பா விதையாக இருக்கும். குசும்பா சூரியகாந்திக் குடும்பத்து எண்ணெய்ப் பயிர். அதன் பூவும் செம்மஞ்சள் நிறமே. எண்ணெய்க்காகப் பயிரிட்டால் அது மதிப்புடைய பயிர்தான். குங்குமம் என்று நம்பிப் பயிரிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

கந்தத்தையே விற்போரிடமும் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். ஒரு பூவுக்கு இழை மூன்று. ஏறத்தாழ 150 பூக்களின் இழைகள் உலர்ந்தால் ஒரு கிராம் தேறும். எனவே ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். பச்சை இழை ஐந்து கிலோ உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. நூறு கந்தம் வாங்கி, ஒவ்வொன்றும் இரண்டு பூ பூத்தாலும் கிடைப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேல். பூக்களைப் பறித்தலும், ஒவ்வொரு பூவிலும் இழையைக் கிள்ளுதலும் கைவேலையே.

தட்பவெப்பமும் பொருந்த வேண்டும். கந்தத்தினுள் பூமொட்டு உருவாக ஏறத்தாழ 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும், பின்னர் பூ வெளிவர 17 டிகிரி அளவு குளிர்ச்சியும் தேவை. நம் சமவெளிகளில் இக்குளிர்ச்சி இயல்பாகக் கிடைப்பதில்லை. இக்காலத்தில் குளிரூட்டிய அறைகளில் வளர்ப்போர் இந்தியாவில் உளர். அவர்களும் கந்தத்தையே நடுகின்றனர், மின்கட்டணத்தையும் செலவில் எழுதுகின்றனர். கடன் வாங்கி இத்தொழிலில் இறங்க எண்ணும் அங்கத்தினர் கந்தத்தின் விலை, பூவின் எண்ணிக்கை, மின்செலவு, கைவேலைக் கூலி ஆகிய நான்கையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபின் கையெழுத்திடுவது நன்று.

இழையை அறிதல்

வாங்குவோர்க்கும் பூவின் அமைப்பே அளவுகோல். உண்மை இழை ஒரு நுனியில் குறுகி, மறு நுனியில் ஊதுகுழல் வாய் போல் அகன்றிருக்கும். வெந்நீரில் சற்று ஊறவைத்தால் அகன்ற நுனி நன்றாக விரியும். குசும்பாவின் பூவோ சிறு குழாய். அதன் நுனி ஐந்தாகப் பிரிந்திருக்கும். உண்மை இழை நீரில் மெல்ல மஞ்சள் நிறம் விடும்; இழை நெடுநேரம் சிவப்பாகவே இருக்கும். சாயம் ஏற்றிய போலி உடனே சிவப்பைக் கக்கி வெளிறிவிடும். உண்மை இழை நாவில் கசக்கும், இனித்தால் ஐயுறுக.

அதே பூவின் உறுப்பாலும் தரம் குறையலாம். சூல்தண்டின் வெளிறிய மஞ்சட் பகுதியோடு சேர்த்து உலர்த்தியதைக் காஷ்மீரத்தார் லச்சா என்பர். செந்நிறக் கிளைகளை மட்டும் பிரித்ததை மோங்ரா என்பர். முன்னதைப் பின்னதன் விலைக்கு வாங்கலாகாது. மகரந்தத் தாள்கள் கலந்திருப்பின் தரம் இன்னும் குறைவு. காஷ்மீரக் குங்குமப்பூவுக்கு 2020-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

நெசவாளர்க்கும் ஒரு சொல். இழையின் மஞ்சட் சாயம் குரோசின் எனப்படும். அது நீரில் கரையும். படிகாரம் முதலியவற்றின் உதவியின்றியே பட்டிலும் கம்பளியிலும் பருத்தியிலும் பற்றும். ஆயினும் வெயிலில் மங்கும், விலையும் தாங்காது. குசும்பாப் பூவிலோ இருவகைச் சாயம் உண்டு. நீரில் கரையும் மஞ்சளை முதலில் அலசி நீக்கிவிட்டு, பின்னர் காரநீரில் சிவப்பைப் பிரித்தெடுப்பது பழைய சாயக்காரர் முறை. ஆக, சாயத்தொட்டியில் குசும்பாவுக்குத் தனி மதிப்பு உண்டு. தன் பெயரில் விற்கப்படும்வரை அது போலியன்று.

கோசானி கற்பிப்பது

இப்பூவின் தாய்நாடான கிரேக்கத்தில், கோசானி மாவட்டத்தில் குரோக்கோஸ் என்றே பெயர் கொண்ட ஊர் ஒன்று உண்டு. அப்பகுதிக் குங்கும விவசாயிகள் 1971-இல் ஒரே கூட்டுறவுச் சங்கமாக அமைந்தனர். பயிரிடுவோர் யாவரும் அதில் அங்கத்தினர். விளைவைச் சங்கத்தின் வழியே தரம் பார்த்துச் சிப்பமிட்டு விற்கின்றனர். விளைவித்தவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும்போது, செவ்விழையோடு மஞ்சள் தாளைக் கலந்து எடை கூட்டும் ஆசைக்கு இடம் குறைகிறது. நூலின் எண்ணையும் சாயத்தின் உறுதியையும் சங்க முத்திரைக்கு முன் சோதிக்கும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. வெங்காயத்தையும் சேப்பங்கிழங்கையும் குறுக்கே வெட்டி, குமிழத்துக்கும் கந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

2. காட்டுக் குங்குமப் பூவில் மண்ணுக்கு மேல் காம்பு போல் தோன்றுவது எந்த உறுப்பு?

3. கிளாடியோலஸ், சம்பங்கி, செங்காந்தள் ஆகிய மூன்று பூக்களையும் பிளந்து, மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் சூற்பையின் இடத்தையும் அட்டவணையாக எழுதுக. செங்காந்தளைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுக; பிள்ளைகளிடம் அதனைக் கொடுக்கற்க.

4. வாழைக்கும் பயிர்க் குங்குமத்துக்கும் விதை இல்லாமைக்குப் பொதுவான காரணம் யாது?

5. ஒருவர் குங்குமப்பூ விதை விற்க வருகிறார். அவரிடம் நீங்கள் கேட்கும் முதற் கேள்வி என்ன?

ஐந்தாம் வினாவின் விடையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பூவின் அமைப்பு மனத்தில் நின்றால், கேள்வி தானே நாவில் வரும்.